முப்பத்தொன்றாவது ஆள்

இத்தாலியில் எங்கள் சியெனா நகரின் பேராலயத்தை மேலும் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது கொள்ளைநோய் வந்தது, கொத்தர்கள் மாண்டனர், 1348இல் வேலை நின்றுபோனது. அரைகுறையாய் நிற்கும் அந்த நெடுஞ்சுவரின் உச்சிக்குப் பார்வையாளர்களை முப்பது முப்பது பேராக அனுப்புவார்கள். மேலே ஊழியர் ஃபோஸ்கா எண்ணுவாள். கீழே காவலர் ஒரேஸ்தே எண்ணுவார். எண்ணிக்கை ஒத்தால்தான் கதவைப் பூட்டலாம்.

பிறந்த பிள்ளையைப் பேட்டையின் நீரூற்றில் நனைத்து, முரசடித்துப் பேட்டையில் சேர்த்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம்; அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரேஸ்தேயின் பேத்திக்கு அந்த ஞானஸ்நானம். கடைசிக் குழு இறங்கி வந்தது. முப்பத்தொரு பேர்.

"ஃபோஸ்கா, ஒரு ஆள் அதிகமா வருது!" என்று வாக்கிடாக்கியில் கத்தினார்.

"முப்பதுதான். கண்ணாடியப் போட்டுக்கிட்டு எண்ணுய்யா, தாத்தா!"

வரிசையில் நிறுத்தி மறுபடி எண்ணினார். முப்பத்தொன்று. நீரூற்றுப் பக்கம் முரசு முழங்கியது, சடங்கு தொடங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரிடமும் சீட்டைக் கேட்டார். முப்பது பேர் நீட்டினார்கள். ஒருவன் மட்டும் ஈரச் சுண்ணாம்பு படிந்த வெறுங்கையை நீட்டினான்.

"ஐயா, நாளைக்கு வேலை இருக்குங்களா?"

"இருக்குப்பா, இருக்கு! உன் ஆளுங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வா. இப்ப என்னை விடு!"

கதவைப் பூட்டிவிட்டு ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஃபோஸ்காதான் முதலில் மேலே ஏறினாள். இடுப்பளவே இருந்த கைப்பிடிச் சுவர் அவள் தலைக்கு மேல் உயர்ந்திருந்தது. சாந்து ஈரமாக இருந்தது.

"ஒரேஸ்தே," என்றாள் வாக்கிடாக்கியில் மெதுவாக, "இங்கேருந்து ஊர் தெரியல."