கடைசியாக வந்த பதில்

“பதில் வரலேன்னா வரலேன்னு சொல்லிடணும், அக்கா. மூடி மறைக்கக் கூடாது.”

எதற்கும் வாதாடுவதால் ‘வக்கீல்’ என்று பெயரெடுத்த சக ஊழியன் இவ்வாறு கூறினான். அலுவலகத்தார் ‘நிதானம்’ என்றழைத்த அவளோ, வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து அணிந்த பின்னரே வாய் திறந்தாள். ஒரு கணினி மற்றொன்றிடம் கேள்வி கேட்கவும் பதில் பெறவும் உரிய, எந்தச் செயலியிலும் பொருத்திக்கொள்ளத்தக்க மென்பொருள் தொகுப்பான லைப்ரரியை அவ்விருவரும் வடிவமைத்துக்கொண்டிருந்தனர். பதில் வராதபோது, கடைசியாக வந்த பதிலையே மீண்டும் கொடுத்துவிடலாம் என்பது அவள் கட்சி.

அதற்குக் காரணம் இருந்தது. இதய அறுவைச் சிகிச்சை முடிந்து அவள் கணவர் வீட்டில் தனியே இருந்தார். அவர் மார்பில் கட்டிய பட்டை, நாடித்துடிப்பை அவளது கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சென்ற வாரம் எண்ணிருந்த இடத்தில் வெறுங்கோடு தோன்றியது. கைப்பையையும் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அவரோ சாய்வு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இணைப்புத்தான் அறுந்திருந்தது.

“அந்தக் கோட்டைப் பார்த்ததும் உயிரே என்கிட்ட இல்லை. வேற யாருக்கும் அப்படி ஆகக் கூடாதுப்பா.”

சொல்லும்போதே மேசைமேலிருந்த கைப்பேசியை ஓரக்கண்ணால் பார்த்தாள். எழுபத்திரண்டு. அச்சம் சற்றே அடங்கிற்று. சற்றுமுன் அழைத்தபோது கணவர் எடுக்கவில்லை. ஆயினும் எண் இருந்தது. உறங்குகிறார் போலும்.

வக்கீல் விடுவதாயில்லை. பதிலோடு அது வந்த நேரத்தையாவது சேர்க்க வேண்டும், இல்லையேல் புதியது எது, பழையது எது என்று எவருக்கும் விளங்காது என்றான். நேரத்தைக் காட்டினால் மறுபடியும் பயமே மிஞ்சும் என்று அவள் மறுத்தாள். பேச்சினிடையே மீண்டும் வீட்டுக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரையில் எழுபத்திரண்டு.

“அவர் போனை எடுக்கலையே, அக்கா. வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்.”

“எதுக்கு? துடிப்பு சீராத்தானே இருக்கு. காலையிலேர்ந்து ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல.”

வக்கீலின் முகம் வெளிறியது. “மனுஷ நெஞ்சு அப்படி அடிக்காதே, அக்கா.”

அவள் கைப்பேசியை வெறித்தாள். அந்த வெறுங்கோடு இனித் தன் கண்ணில் படவே கூடாதென்று, நேற்று மாலை இந்தப் புதிய லைப்ரரியைத் தன் கட்சிப்படியே அமைத்து அதில் அவளே பொருத்தியிருந்தாள்.

“நீ சொன்னபடியே மாத்திடு,” என்றாள், தாழ்ந்த குரலில். “நான் வீட்டுக்குப் போறேன்.”