பழுதான மூக்கு

நகைக்கடைச் சுவருக்கு வெளியே திருடன் விட்டுப்போன கையுறையை மோப்பம் பிடித்துவிட்டு, போலீஸ் நாய் துரை கடை ஊழியர்கள் பன்னிரண்டு பேரையும் தாண்டிப் போனது. ஓரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த முதலாளியின் மைத்துனர் எதிரில் ஜம்மென்று உட்கார்ந்தது.

"என் மச்சானையா காட்டுது?" நகைக்கடை முதலாளி கொதித்தார். "பெட்டகம் காலியானதுலேர்ந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்காம அழுதுட்டிருக்கான்யா!"

துரையைப் பிடித்திருந்த காவலர் அவசரமாக அதைப் பின்னால் இழுத்தார். இது யார் செய்த வினை என்று அவருக்குத் தெரியும்.

போன வருஷம் ரோந்தின்போது, போன் வந்ததென்று துரையை அவிழ்த்துவிட்டார். பத்தே நிமிடம். துரை ஒரு தெருநாயிடம் போய் மோந்துகொண்டு நின்றது. நாலு மாதம் கழித்து மூக்கிலிருந்து ரத்தம்.

மூக்கில் புற்றுக்கட்டி, அந்தத் தெருநாயிடம் ஒட்டியது என்ற மிருக டாக்டரிடம், புற்றுநோய் ஒட்டுமா என்று அவரும் சண்டைதான் போட்டார். மனிதருக்கு ஒட்டாது, நாய்க்கு நாய் ஒட்டுகிற ஒரு வகை இருக்கிறதாம், மோந்தாலே போதுமாம். மேலிடத்தில் சொன்னால் வேலைக்கு வேட்டு. 'துரைக்குச் சளி' என்று கதை கட்டித் தனிக் கூண்டில் போட்டு, போலீஸுக்குத் தெரியாமல் அந்த வெளி டாக்டரிடமே வாரம் ஒன்றாக ஆறு ஊசி போட்டார்.

ரத்தம் நின்றது, அவர் மனசின் உறுத்தல் நிற்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கடைசிப் பரிசோதனைக்கும் போகவில்லை. இன்று காலை அவர் பைக்குள் பொட்டலத்தில் இருந்த பிஸ்கட்டைத் துரை தேடி எடுத்துத் தின்றபோதுகூட, அதன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"என்னய்யா இது?" இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

காவலர் உடைந்துபோனார். "தப்பு என்னோடதுங்கய்யா. அதுக்கு மூக்குல புத்துநோய். மறைச்சுட்டேன்." மைத்துனரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிடுங்க சார், நல்ல மனுஷன் மேல பழி போட்டுட்டேன்."

"பரவால்லப்பா. வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்?" மைத்துனர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

திருட்டு நடந்த ராத்திரி காவலுக்கு இருந்த வாட்ச்மேனைச் சந்தேகத்தின் பேரில் ஜீப்பில் ஏற்றினார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, வீட்ல பிள்ளைங்க இருக்குங்க" என்று அவர் கதறியது காவலரின் காதை விட்டுப் போகவில்லை. துரையின் மூக்கு ஒழுங்காக இருந்திருந்தால் அந்த மனிதர் தப்பியிருப்பார். எல்லாம் தன்னால் வந்தது.

மாலையில் துரையை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். நடந்ததையெல்லாம் சொல்லி அழுதார்.

டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மருந்து தொட்ட பஞ்சை அறையில் நாலு இடத்தில் ஒளித்து வைத்தார். நாலையும் துரை மடமடவென்று எடுத்துவந்து போட்டது.

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுக் காவலரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கட்டி எப்பவோ கரைஞ்சுடுச்சே... அது காட்டின ஆளை எதுக்கு விட்டீங்க?"