காதுக் கவசம்

கண்ணாடி முகவைக்குள் இறக்கிய உலோகக் கோல் கிறீச்சிடுகிறது. அது எழுப்பும் மீயொலியில் தண்ணீருக்குள் குமிழிகள் கிளம்பிய கணமே நசுங்கி வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் மஞ்சள் துகள்கள் சிதறி இன்னும் நுண்பொடியாகின்றன. வெயிலை வைத்துத் தண்ணீரைப் பிளந்து ஐதரசன் எடுக்க விரிவுரையாளர் அசனாவுக்கு அந்தப் பொடிதான் வேண்டும். கிறீச்சலுக்காகக் காதுகளில் கவசம் போட்டிருக்கிறாள். திடீரென முகவை மேசையில் துள்ளுகிறது. கோல் அடியில் முட்டுகிறதென்று திட்டிக்கொண்டே அதை உயர்த்துகிறாள். துள்ளல் நிற்கவில்லை. இயந்திரத்தை அணைக்கிறாள். அப்போதும் நிற்கவில்லை. அலுமாரிக் கண்ணாடி சத்தமில்லாமல் நொறுங்கிக் கொட்டுகிறது. வாசலில் ஆய்வுகூட உதவியாளர் அருளம்பலத்தின் வாய் அசைகிறது. கவசத்தைக் கழற்றுகிறாள்; பீரங்கி இடி மண்டைக்குள் இறங்குகிறது.

"மிஸ், பக்கத்து ஆமிக் காம்பிலயிருந்துதான் மூதூருக்குச் செல் போகுது! உங்கட வீட்டாக்கள் வெளிக்கிட்டிட்டினமோ?"

"இல்ல. வாப்பாவுக்கு நடக்க ஏலாது."

குடாவுக்கு அப்பால், அவளது ஊர் இருக்கும் கரையில், கரும்புகை தென்னைகளை விழுங்குகிறது. உம்மாவின் தொலைபேசிக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. அசனா கவசத்தை மறுபடியும் காதில் மாட்டி இரு கைகளாலும் அழுத்திக்கொள்கிறாள். யன்னல் வெயிலில் நிற்கும் போத்தலில், நேற்றைய பொடி பிரித்த ஐதரசன் குமிழிகள், ஒவ்வொரு செல் புறப்படும்போதும் கண்ணாடியைவிட்டுப் பிய்ந்து மேலே பாய்கின்றன.