வாய் திறக்காத வேலை

"உங்க பழைய ஆபீஸ்ல இருந்து மறுபடியும் வீட்டு நம்பருக்கு போன். குளிக்கிறாருன்னு சொல்லிட்டேன்" என்றாள் மனைவி, செல்போனில்.

"காலையிலயும் அதையேதானே சொன்னே?"

"பின்ன என்ன சொல்றதாம்? அவர் இன்னொரு கம்பெனியில உக்காந்து வேலை பார்த்துட்டிருக்காருன்னா? மாட்டினா மானம் கப்பலேறிடும், பார்த்துக்கோங்க."

அவர் செல்போனை அணைத்தார்.

பதினான்கு வருடமாக லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தங்களை விற்றவர். போன மாதம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிய அன்றே லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் வீட்டில் இருக்க வேண்டும், சம்பளம் வந்துவிடும். ஆனால் வேறெங்கும் வேலை பார்க்கக் கூடாது, பழைய வாடிக்கையாளர் யாரிடமும் தொழில் பேசக் கூடாது. தோட்ட விடுப்பு என்று இதற்கு நாசூக்காக ஒரு பெயர். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமாம். மூன்றாவது மாடியில் குடியிருப்பவன் எந்தச் செடிக்கு ஊற்றுவான்?

அதே லிஃப்ட் தொழிலில் இவரை வேலைக்கு எடுத்த புதுக் கம்பெனிக்கு ஆறு மாதம் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஜெராக்ஸ் மிஷினை வெளியே தள்ளிவிட்டு அந்த அறையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருந்தார்கள். துணைக்கு, போனில் பேசுவதற்கென்று ஒரு பெண்.

"நீங்க வாயே திறக்க வேண்டாம் சார். பேசறது இந்தப் பொண்ணு. நீங்க பக்கத்துல உக்காந்து எழுதி மட்டும் காட்டுங்க. பேசாத மனுஷன் மேல எவன் கேஸ் போட முடியும்?" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்திருந்தார் புது முதலாளி.

இப்போது அவர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஹோட்டல்காரர் என்ன ஆனாரு? அவர் வந்துட்டா உங்க சீட் உறுதி. இல்லைன்னா ஆறு மாசம் முடியட்டும், பார்க்கலாம்."

'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று விற்பனையிலேயே தலை நரைத்தவருக்குத் தெரியாதா? நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு கதவைத் தட்ட அவருக்குத் தெம்பில்லை.

"அவருக்கு போனைப் போடும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம்.

ஹோட்டல்காரருக்கு மூன்று ஹோட்டல்கள். அத்தனை லிஃப்டுக்கும் ஒரே ஒப்பந்தம். அதைவிட முக்கியம், அவர் இவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். தன் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்கச் சொன்னதும் இவரைத்தான்.

அந்தப் பெண் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். விலையைச் சொன்னாள். கூப்பிட்ட அரை மணி நேரத்தில் ஆள் வருவான் என்றாள். எல்லாம் இவர் எழுதிக் காட்டியதுதான்.

"வேண்டாம்மா. எனக்கு அங்கேயே பழகிப்போச்சு. வச்சிடட்டுமா?"

பெண் இவரைப் பார்த்தாள். இவர் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைத் தொடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

பழைய ஆபீஸில் இருந்து அனுப்பிய மறுநாள் ஹோட்டல்காரரே இவர் வீட்டுக்கு போன் செய்திருந்தார். 'பொண்ணு மாப்பிள்ளையோட சண்டை போட்டுட்டு வந்துட்டா. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளியில விட்றாதே' என்றபோது குரல் தடுமாறியது. இவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

புது முதலாளி கதவருகிலேயே நின்றார்.

இவர் எழுதினார். அதைப் படித்ததும் பெண் சட்டென்று போனைக் கையால் பொத்தினாள்.

"இதை எப்படி சார் கேக்கிறது? பாவம் இல்லையா?"

"கேளும்மா. அவர் மனசு இளகும்." சொல்லும்போதே தன் மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

பெண் போனிலிருந்து கையை எடுத்தாள். "சார், பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிற நேரம். உங்களுக்கு ஆயிரம் கவலை இருக்கும். லிஃப்ட் கவலையையாவது எங்ககிட்ட விட்டுடுங்களேன்."

லைன் போய்விட்டதோ என்று பெண் போனைப் பார்த்தாள்.

"அவன்கிட்ட போனைக் குடும்மா" என்றது ஹோட்டல்காரரின் குரல்.

"யார்கிட்ட சார்?"

"உன் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கிறானே, அவன்கிட்ட."

புது முதலாளி மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். இவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணே... புத்தி கெட்டுப் போச்சுண்ணே. மன்னிச்சிடுங்க. உங்க பொண்ணு விஷயத்தைப் போய் நான்..."

"என் பொண்ணுக்கு என்ன? மாப்பிள்ளையோட நல்லாத்தான் இருக்கா. நீ எங்கேயாவது வாயைத் திறக்கறியான்னு பார்க்க, உன் பழைய வாடிக்கையாளருங்க எல்லாரையும் ஆளுக்கு ஒரு பொய்யை உன் காதுல போட்டு வைக்கச் சொன்னாரு உன் பழைய முதலாளி. என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை, வேணும்னா பாருங்கன்னு அவர்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான்டா, வாய் கூசக் கூச, பெத்த பொண்ணைப் பத்தி அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னேன்."