துணைக்குத் தூங்குதல்

எங்கள் ஆய்வுக் கப்பலுக்கு நேர் கீழே, கடலடி எரிமலை திமிங்கிலங்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இறக்கிய மைக்கில் கேட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு மத்தியானம் சட்டென்று நின்றுவிட்டது.

"முழிச்சிக்கிச்சு சார்," என்றாள் குழுத் தலைவி யாழரசி, கிசுகிசுப்பாக. "இன்ஜினைப் போட்டா எழுந்தே உட்கார்ந்துடும். உங்க குறட்டையைத்தான் கப்பலே திட்டுதே, கொஞ்சம் தூங்குங்களேன். துணைக்கு ஆள் தூங்கினா அதுவும் தூங்கிடும்."

என் குறட்டை எரிமலைக்குக் கேட்கும்படி கடலுக்குள் ஸ்பீக்கர் இறக்கினார்கள். கப்பலே சுற்றி நின்று முறைத்தால் ரிட்டையர் ஆகி ஆலோசகனாக வந்த எனக்குக்கூடத் தூக்கம் வராது. கண்ணை மூடிப் பொய்க்குறட்டை விட்டேன். கீழிருந்தும் குறட்டை கிளம்பியது. யாழரசி என்னைக் கும்பிட்டே விட்டாள்.

எனக்கு இருமல் முட்டியது. அடக்க முடியாமல் இருமினேன்.

கீழே அதுவும் இருமியது.