இரண்டு மணிக் கப்பல்

“படகைக் காணோமே எலென்! இந்தத் தீவுலயே கிடந்து சாகவேண்டியதுதான்!” என்று சௌந்தரம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

சைகோன் ஆற்றின் நடுவே நாலு தென்னை நிற்கும் திட்டு அது. கடைசியாக ஒருமுறை சேர்ந்து சுற்றலாமென்று தோழிகள் இருவரும் காலையில் வந்து இறங்கியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன படகுக்காரி வரவில்லை. இரண்டு மணிக்கு எலென் புதுச்சேரிக்குக் கப்பலேற வேண்டும். அங்கே கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்க்கிறார்கள். இதை விட்டால் அடுத்த மாதம்தான் கப்பல்.

“கத்திப் பாப்போமா?”

“ஊரே மதியத் தூக்கத்துல இருக்கு. யாருக்குடி கேக்கும்?” என்ற எலென், இருந்த அரை ரொட்டியைச் சரிபாதியாகப் பிய்த்தாள்.

“வெயில் மண்டையப் பொளக்குது. உன் புதுத் தொப்பி எங்கடி?”

“மறந்துட்டேன். உன் கண்ணாடி வளையல்?”

“உடைஞ்சிடுச்சு.”

கப்பல் ஊதிக்கொண்டே அவர்களைக் கடந்து போனது. “மோன் தியே, கடவுளே, போச்சே!” என்றாள் எலென். “போச்சே!” என்றாள் சௌந்தரம். இருவருக்கும் அழுகைதான் வரவில்லை.

அப்போது தென்னைகளுக்குப் பின்னாலிருந்து கொட்டாவி விட்டபடி படகுக்காரி வந்தாள். திட்டின் மறுபக்கத்தில் படகைக் கட்டிவிட்டு இத்தனை நேரமும் தூங்கியிருக்கிறாள்.

அவள் தலையில் எலெனின் தொப்பி. கையில் சௌந்தரத்தின் வளையல்கள்.

“அடிப்பாவி, நீயும் குடுத்தியா?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மணலில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். மூச்சு வாங்க எலென்தான் கேட்டாள்:

“அடுத்த மாசக் கப்பலுக்கு என்னத்தடி குடுக்கிறது?”