சீமைக்குப் போன ஒப்பாரி

"யார் பேர வெச்சிப் பாடறது? மொதல்ல அதச் சொல்லுங்க," என்றாள் வீரம்மாள்.

வேங்கடேசனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திண்டிவனம் தாலுக்கா ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லி, பெண்டாட்டி தையல்நாயகியைக் கண்டமங்கலத்துக்கு அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பி, பனமலையிலிருந்து வீரம்மாளை வண்டி வைத்து வரவழைத்து, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. கூடத்து நடுவில் பாட்டுப் பிடிக்கும் பெட்டி புனல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. இவள் என்னடாவென்றால் பேர் கேட்கிறாள்.

"பேர் எதுக்குக்கா? சும்மா பாடேன்." காரியம் ஆக வேண்டியிருந்தால் குமாஸ்தா வாயிலும் அக்கா வரும்.

"சும்மா பாட இது இன்னா நாத்து நடற பாட்டா? ஒப்பாரிங்க. பேர் சொல்லி, ஊர் சொல்லி, இன்னா வேல பாத்தாரு, யாருக்கு இன்னா நல்லது செஞ்சாருன்னு சொல்லிச் சொல்லி அழணும். பேர் இல்லன்னா எனக்கு வாயே வராது."

அந்தப் பெட்டி சீமையிலிருந்து வந்தது. அங்கே ஒரு சர்வகலாசாலையில் கீழை நாட்டுப் படிப்புகளுக்கென்றே தனித் துறை இருக்கிறதாம். 1938 தை மாதம் அந்தத் துறையின் பேராசிரியர் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைப் பார்க்க வந்தார். தமிழ் படித்தவர். போகும்போது இரண்டு பெட்டிகளை விட்டுப் போனார். ஒன்று வேங்கடேசனிடம், இன்னொன்று விழுப்புரம் பள்ளிக்கூட வாத்தியார் சீனுவாசனிடம். இருவரும் ஊர்ப் பாட்டுகளைப் பிடித்து அனுப்ப வேண்டும். யாருடைய பாட்டுகள் ஒசத்தியோ அவருக்குத் துறையில் தமிழ் உதவியாளர் வேலை, குடும்பத்தோடு கப்பல் டிக்கெட்.

வேங்கடேசன் தாலாட்டு, ஏற்றப்பாட்டு என்று இருபதை அனுப்பி முடித்திருந்தான். அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் சீனுவாசன் ஒப்பாரி பிடிக்க அலைகிறான் என்று காதில் விழுந்த நாளிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. நடிப்பு ஒப்பாரி வேண்டாம், நிஜச் சாவில் பாடியதுதான் வேண்டும் என்று பேராசிரியர் வேறு கறாராகச் சொல்லியிருந்தார். நிஜச் சாவு வீட்டில் போய்ப் புனலை நீட்டினால் முதுகு பழுத்துவிடும்.

"உசுரோட இருக்கற ஆள் பேர்ல பாடலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பாடலாம். பலிச்சிட்டா என்ன வந்து கேக்கக் கூடாது."

சீனுவாசன் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது; அவன் காதுக்குப் போனால் சண்டைக்கு வருவானே என்று விழுங்கிவிட்டான். யாரும் இல்லாத வீட்டில் கூட வேங்கடேசன் ஒரு தரம் சுற்றிலும் பார்த்துக்கொண்டான். பிறகு குனிந்து வீரம்மாள் காதில் ஒரு பேரைச் சொன்னான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா ரோசனை பண்ணிக்கினுதான் சொல்றீங்களா?"

"இந்தக் காலத்துல இதெல்லாம் யார் நம்பறா? ஜல்தியா பாடுக்கா."

"பாடறேன். அப்பால உங்க ஆபீஸ்ல கெடக்கற என் மனைக்கட்டு மனுவ மட்டும் மறந்துடாதீங்க."

அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். அம்மாடி, என்ன பாட்டு. பெட்டியில் பாட்டுப் பதிகிற மெழுகு உருளை மூன்று தீரும் வரைக்கும் நிறுத்தவில்லை. அந்த ஆளின் குணம் என்ன, கை ராசி என்ன, கிடைக்கவிருந்த சீமைச் சம்பளம் என்ன என்று ஒன்று விடாமல் சொல்லி அழுதாள். இவ்வளவுக்கும் தகுந்த ஆள்தானா அது என்று வேங்கடேசனுக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் ஆபீஸ் டைப் மெஷினிலேயே சீட்டு அடித்தான். 'ஒப்பாரி. நிஜச் சாவு. இறந்தவர் வீட்டிலேயே பிடித்தது.' கடிதம் எதுவும் வைக்கவில்லை. பெட்டி நம்பரைப் பார்த்தாலே யாரிடமிருந்து வந்தது என்று துறையில் தெரியும்.

ஐந்து மாதம் ஓடிற்று. வேங்கடேசன் சீமைக்குப் போகிறான் என்று தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. தையல்நாயகி கம்பளிக்குச் சொல்லிவிட்டாள். கப்பலில் கேப்பை மாவு ஏற்ற விடுவார்களா என்று தினம் ஒரு தடவை கேட்டாள். ஆபீஸில் தாசில்தாரே வேங்கடேசனை நிற்க வைத்துப் பேசுவதை விட்டுவிட்டார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் கடிதம் வந்தது.

"இன்னாங்க இது? எம் பேருக்கு வந்திருக்குன்னு தபால்காரரு சொல்றாரு," என்று உறையை நீட்டினாள் தையல்நாயகி.

"குடும்பத்துக்கே டிக்கெட்டாச்சே. உன் பேருலயும் எழுதுவாங்க." அவன் உறையைக் கிழித்தான். "தொரைமாருங்க பொம்பளைக்குக் குடுக்கற மரியாதையப் பாரு."

"படிச்சிக் காட்டுங்க. வேல கெடச்சிதா?"

வேங்கடேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இங்கிலீஷைத் தமிழாக்கி உரக்கப் படித்தான். "அன்புள்ள அம்மையீர், உங்கள் கணவர் அனுப்பிய இருபது பாட்டுகளையும் கேட்டவுடனேயே அவருக்குத்தான் வேலை என்று துறையில் ஏகமனதாக முடிவு செய்து, உத்தரவிலும் கையெழுத்துப் போட்டுவிட்டோம்."

"மாரியாத்தா, என் வயித்துல பால வார்த்தே," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் தையல்நாயகி. "மேல படிங்க."

மீதியை அவன் வாய்க்குள்ளேயே படித்தான். 'மறுநாள் வந்து சேர்ந்த உருளைகளில், "வேங்கடேசா, என் ராசா, சீமைக்குப் போகுமுன்னே செத்தாயே" என்று ஓர் அம்மாள் அழுததைக் கேட்டுத் துறை முழுவதும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றோம். அந்த உத்தரவில் பேரை மாற்றி திரு. சீனுவாசனுக்கு அனுப்பினோம், அவரும் போன வாரம் கப்பல் ஏறிவிட்டார்.'